மஞ்சள் டீ-ஷர்ட்

பாதிப் படியில் கோமளவல்லி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

ஓடுகிறவளைப் பிடித்து நிறுத்துகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. மூச்சு ஒரு சீரில் வந்துகொண்டிருக்கும். நின்றால் போச்சு.

அவள் முருகன் கோயில் மலைப்படியோரம் பூ விற்கிறவள். ஒரு முழம் மல்லியை என் தலையில் வைக்க எக்கினாள்.

“ஓடு கண்ணு, ஓடு. இந்த வருசமே கூடி வந்துடும்.”

“இன்னா கூடி வரும்?”

“கல்யாணந்தான். உங்கம்மா சொன்னாங்களே, வேண்டுதல்னு.”

காது அடைத்தது. படி ஏறியதால் இல்லை.

இதே கோமளவல்லிதான், நான் படியில் ஓட ஆரம்பித்த முதல் வாரம், “படிச்ச திமிரு, படியில குதிக்குது பாரு” என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள்.

அதற்கு முன்னால் பைபாஸில்தான் ஓடிக்கொண்டிருந்தேன். பைக்கில் வந்தவன்கள் என் வேகத்துக்குக் கூடவே உருட்டிக்கொண்டு வந்தான்கள். “யாரு தொரத்துறாங்க? நாங்க வேணா தொரத்தட்டா?”

கல்லெடுத்து எறிந்தேன்.

எறிந்தவள் யார் வீட்டுப் பெண் என்று ஊர் விசாரித்தது. எதற்கு எறிந்தாள் என்று ஒரு வாய் கேட்கவில்லை. நைனா, பைபாஸ் பக்கமே போகாதே என்றுவிட்டார்.

அதனால் படி. வெறுங்காலில் மேலே, மறுபடி கீழே. முதல் நாள் முதல் மண்டபத்துக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தேன். அதற்கும் ஒருத்தி, “எத்தினி மாசம்?” என்றாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அரக்கோணத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டம். என் முதல் பந்தயம். ஜெயிக்கப்போவதில்லை, தெரியும். நிற்காமல் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் கூலி இல்லாமல் உடம்பை வருத்தியவர்கள் யாரும் கிடையாது. நான்தான் முதல். முதல் பட்டதாரிக்குச் சான்றிதழ் கொடுத்த தாசில்தார் இதற்கும் ஒன்று கொடுக்கலாம்.

பிறகு ஒரு வாரம், திடீரென்று எல்லோரும் அடங்கினார்கள்.

படிக்குப் படி குங்குமம் வைத்து ஏறுகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தேங்காய்க் கடைக்காரர் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். மொட்டை போட்டு வந்த ஒரு ஆள் என்னைப் பார்த்துக் கும்பிடவே செய்தார்.

நிற்காமல் ஓடி ஓடியே இவர்கள் வாயை அடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

அத்தையும் அடங்கியிருந்தாள். மணவூர் அத்தை, நைனாவின் அக்கா. மகன் சூர்யபிரகாஷுக்கு என்னை உறுதி செய்து, பூ வைக்க வருவதாக இருந்தது. பூ வைத்த பிறகு இந்த ஓட்டமெல்லாம் கூடாது என்று முன்னதாகவே சொல்லி அனுப்பினாள். போன் போட்டுக் கத்தினேன். பொங்கல் கழித்து வருகிறேன் என்றவள் வரவில்லை.

அதுவும் என் வாய்க்குக் கிடைத்த வெற்றி என்றே நினைத்தேன்.

இப்போது குனிந்து என் டீ-ஷர்ட்டைப் பார்த்தேன். கல்லூரி விளையாட்டு விழாவில் கொடுத்தது. வெள்ளையாக இருந்தது. கோயிலுக்குப் போகும் துணியோடு ஊறப்போட்டதில் சாயம் ஏறிவிட்டது என்று அம்மா சொல்லியிருந்தாள். இருப்பது இது ஒன்றுதானே என்று திட்டிவிட்டு அதையே போட்டுக்கொண்டு ஓடினேன்.

மஞ்சள். மலையேறுகிறவர்கள் கட்டும் அதே மஞ்சள். எல்லோரும் அடங்கியது இது மஞ்சளான வாரத்திலிருந்துதான்.

மல்லியைக் கோமளவல்லி கையிலேயே திணித்துவிட்டு, இரண்டிரண்டு படியாக இறங்கினேன்.

அம்மா கீழே என் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விட்டுவிட்டுப் போனால் எவனாவது கொண்டுபோய்விடுவான் என்று, கரும்பு வெட்டப் போகிறதுக்கு முன்னால் தினமும் வந்து காவல் இருப்பாள்.

“எனக்குக் கல்யாணம் ஆவணும்னு ஓடுறேன்னு ஊரு பூரா சொல்லிகினு திரியிறியா?”

அம்மா ஷூ கயிற்றை விரலில் முறுக்கினாள்.

“வேண்டுதல்னு மட்டுந்தான் சொன்னேன். எதுக்குன்னு சொல்லல. அவங்களா நெனச்சிக்கினாங்க.”

அவர்களாக. வயசுப் பெண் சாமியிடம் வேறு என்ன கேட்டுவிடப் போகிறாள்.

“சட்டை?”

“ஆங். நான்தான் மஞ்ச கரைச்சி முக்கினேன்.”

“அத்தைகிட்டயும் போய் இதையே சொன்னியா?”

“அவகிட்டதான் மொதல்ல சொன்னேன்.” அம்மா குரலை இறக்கினாள். “வேண்டுதல் முடியாம பூ வைக்கக் கூடாதுன்னேன். முருகன் பேரச் சொன்னா அவ எதுத்துப் பேச மாட்டா. என் பேச்சு அந்தூட்ல என்னிக்கு எடுபட்டுது? நைனாகிட்ட எதுனா சொல்லித் தொலைக்காத.”

நன்றி சொல்லத் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. கோபம்தான் இன்னும் ஏறியது. அம்மா மேல் இல்லை. நான் அடைத்ததாக நினைத்த ஒரு வாயையும் நான் அடைக்கவில்லை. என் காலைப் பார்த்து ஒதுங்கியதாக நினைத்த ஒருவரும் என் காலைப் பார்க்கவே இல்லை.

“இன்னொருவாட்டி ஏறிட்டு வரேன்” என்றேன். அம்மா ஷூவை மறுபடி மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

கோமளவல்லி அதே இடத்தில் அதே மல்லியோடு நின்றிருந்தாள். இந்த முறை கையை நீட்டினாள், பிடிக்கவில்லை.

“வேண்டுதல் எப்பம்மா முடியுது?”

“முடியாதுக்கா.”

நிற்காமல்தான் சொன்னேன்.