ஆளில்லாத ராஜவீதி

கட்டிய பெண்டாட்டி இருக்கும்போது, கண் தெரியாத மனுஷனை இப்படியா தனியே தெருவில் விடுவாள் என்று, இன்னாசியின் போட்டோ ஸ்டூடியோ வாசலில் நின்று தினமும் நாலு பேராவது சொல்லிவிட்டுப் போனார்கள்.

கண்ணாடிக்குள் அவர் மாட்டியிருந்த படம் அப்படி. புதுக்கோட்டையின் அகன்ற ராஜவீதி, இளவெயில் விழத் தொடங்கிய விடியற்காலை. ஈ காக்கை இல்லை. நட்டநடுவில் கோலூன்றி நடக்கிற ஒற்றை ஆள். ஆளைவிட நீளமாய் அவன் நிழல்.

யுத்த காலம். பிலிம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கல்யாண ஜோடியைக்கூட ஒரு படத்துக்கு மேல் எடுக்கமாட்டார் இன்னாசி. ஆனால் வெறிச்சோடிய வீதியில் ஒரே ஒருவர் நடந்துவருவதை எடுப்பதில் அவருக்குப் பித்து. இன்னொரு தலை தெரிந்தாலும் படம் கெட்டது என்பார்.

படத்தில் இருந்தவன் குழந்தைசாமி. ஜட்கா குதிரைவண்டி ஓட்டியவன். அம்மையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. இப்போது கயிற்றுக் கடையில் கயிறு திரிக்கிறான். அவன் மனைவி செவந்தி காலில் மெட்டிகூடப் போடுவதில்லை என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். இன்னாசிக்கும் அவள்மேல் நல்ல எண்ணம் இல்லை.

அதனால் ஒரு மத்தியானம் செவந்தியே வாசலில் வந்து நின்றபோது, படத்தைக் கழற்றச் சொல்லிச் சண்டைபோட வந்திருக்கிறாள் என்று நினைத்தார். அவளோ கண்ணாடியில் மூக்கு இடிக்க நெருங்கி, படத்தை மூலைமூலையாகப் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

"என்னம்மா தேடுறே?"

"நானும் அந்தப் படத்துல விழுந்துட்டேனோன்னு பயந்துபோனேங்க."

தயங்கித் தயங்கி மீதியைச் சொன்னாள். கண் போனபின் குழந்தைசாமி வருஷக்கணக்கில் வீட்டு மூலையில் முடங்கிக் கிடந்தானாம். கூட வண்டி ஓட்டியவர்கள் முன்னால் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நடக்கமாட்டேன் என்று பிடிவாதம். ஒருநாள் தானாகவே கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினான். தடுக்காமல் விட்டாள். விட்டுவிட்டு, சத்தம் கேட்காமலிருக்க மெட்டியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு பின்னாலேயே போனாள். அன்றுமுதல் தினமும் அப்படித்தான். எதிரே வண்டி வந்தால் கைகாட்டி ஒதுக்குவாள். வண்டிக்காரர்களும் வாய் திறக்காமல் ஒதுங்கிப் போவார்கள். அன்றைக்குக் காமிராவைப் பார்த்ததும் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"யாராச்சும் படத்தைப் பாத்துட்டு, ஒம் பொண்டாட்டி பின்னாடியே வாராளேன்னு சொல்லிட்டா, அவுக திரும்ப மூலையில உக்காந்துருவாகங்க."

இன்னாசி பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அந்தத் தனிமை அவள் விலகி நின்று கொடுத்தது. அவளை ஏசுகிறவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றாள். அவளை யாராவது ஏசினால் அவன் அவளுக்காகச் சண்டைக்குப் போகிறானாம். அதில் அவனுக்கு ஒரு தெம்பு வந்திருக்கிறதாம்.

மறுவாரம் குழந்தைசாமி வந்தான். எதிர்ச்சாரியில் செவந்தி நிற்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல இன்னாசி அவனை உட்காரவைத்து, சட்டம் போட்டு வைத்திருந்த ஒரு பிரதியைக் கையில் கொடுத்தார்.

"மகராசனா இருக்கணுங்க ஐயா. நான் நடக்குறதை ஊருக்கே காட்டிட்டீங்க" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டான். படத்தில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டான். இன்னாசி வெயிலையும் நிழலையும் விவரித்தார். வீதியில் அவனைத் தவிர ஒரு ஆள் இல்லை என்பதை இரண்டு தரம் அழுத்திச் சொன்னார்.

குழந்தைசாமியின் விரல்கள் கண்ணாடிமேல் எதையோ தேடின.

"நானும் வண்டி ஓட்டுனவன்தாங்க. குருடனுக்குன்னு எந்த வண்டியும் தானா ஒதுங்காது. எனக்கு மட்டும் தெனமும் ஒதுங்குது. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாங்க."

வாசல்பக்கம் காதைக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க ஐயா. அவ அதுல விழவே இல்லீங்களா?"