இரண்டு குடம்

ஐஸில் கிடக்கும் இறாலைப் பகலெல்லாம் உரித்ததில் செங்கமலத்தின் விரல்கள் மரத்துப்போயிருந்தன. வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு ரோஸ்லின் வெறுங்குடத்தோடு நின்றாள். இறால் பண்ணைகள் வந்து செங்கமலத்தின் கிணறு உப்பானபோது, இரண்டு குடம் நல்ல தண்ணீர் கடன் கொடுத்தவள் அவள்தான்.

"எங்க கெணறும் கரிக்குதுடி. குடுத்ததத் திருப்பிக் குடு."

"நான் எங்கக்கா போவேன்?"

"எறாலுக்கு ஐஸ் போட மட்டும் லாரில நல்ல தண்ணி வருதுல்ல? ஒங்க மொதலாளிகிட்டக் கேளு."

செங்கமலம் தூக்குச்சட்டியைத் திறந்தாள். பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கலாமென்று கம்பெனியில் திருடி வந்த ஐஸ்கட்டி பாதி உருகியிருந்தது. அப்படியே ரோஸ்லினின் குடத்தில் கவிழ்த்தாள்.

ரோஸ்லின் குனிந்து மோந்து பார்த்தாள். "கவுச்சி அடிக்குது."

"உப்பு இல்லக்கா."

"சரி, ஒரு செம்பு கழிஞ்சுது."

இரண்டு குடத்தில் ஒரு செம்பு போக, மீதித் தண்ணீர் இன்னும் பாக்கி.