ஆரோக்கியமானவர் 31

"இறால் மாதிரி சுருண்டுக்குங்க சார்" என்றாள் நர்ஸ்.

சுருண்டான். நாற்பத்தாறு வயது இறால். தொப்பை இடித்தது.

முதுகில் எதையோ ஜில்லென்று தடவினார்கள். அவனுக்குத் தெரிந்தது சுவர் மட்டும்தான். முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் கிசுகிசுத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

காலையிலிருந்தே சந்தேகம்தான். வாசலுக்கே வந்து அழைத்துப்போனார்கள். காத்திருக்க வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இவ்வளவு மரியாதை கிடைத்தால், ஒன்று மந்திரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிழைக்க மாட்டோம் என்று அர்த்தம்.

அவன் இரண்டும் இல்லை. தன்னார்வலர். மறதி நோய் ஆராய்ச்சிக்கு, நோயில்லாத ஒருவரின் தண்டுவட நீர் வேண்டுமாம்.

படிவத்தில் பதினெட்டுக் கேள்விகள். பதினேழுக்கு உண்மை எழுதினான்.

பெற்றோருக்கு மறதி நோய் உண்டா?

இல்லை.

உண்டு என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முடிவை யாருக்கும் சொல்ல மாட்டோம் என்றும் அதில் இருந்தது. பரவாயில்லை. நீரைப் பார்க்கும்போது டாக்டரின் முகம் மாறாமலா போய்விடும்? தனக்கும் வருமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பெரிய துப்பறியும் திட்டம். சுவரைப் பார்த்துப் படுக்க வைப்பார்கள் என்பதுதான் திட்டத்தில் இல்லை.

ஊசி இறங்கியது. வலி என்று சொல்ல முடியாது. உள்ளே யாரோ நாற்காலியை நகர்த்துவது போல இருந்தது.

"ம்" என்றார் டாக்டர்.

என்ன ம்?

சாதாரண 'ம்'மா, ஐயையோ 'ம்'மா?

"முடிஞ்சுது. மெதுவா திரும்பிப் படுங்க."

திரும்பினான். டாக்டரம்மாவின் முகம் ஒருவழியாகக் கிடைத்தது. முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள். அவ்வளவுதான் முகம்.

நான்கு சின்னக் குழாய்கள். நர்ஸ் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். பெயர் இல்லை. 'ஆரோக்கியமானவர் 31.'

"இதை வெச்சு என்ன பண்ணுவீங்க டாக்டர்?"

"நீங்கதான் சார் எங்களுக்கு அளவுகோல். இனிமே வர்றவங்களுக்கு நோய் இருக்கா இல்லையான்னு இதோட ஒப்பிட்டுத்தான் சொல்லப்போறோம்."

இனிமேல் வருகிறவர்கள்.

அவர்களையும் யாராவது கையைப் பிடித்துத்தான் கூட்டிவருவார்கள். இவன் பொய்யோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, போய் வாருங்கள் என்பார்கள். அவர்களும் நம்பிக்கொண்டு போவார்கள்.

டாக்டர் குழாய்களை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

"டாக்டர்."

நின்றார்.

"எங்கம்மா என்னைக் கேபிள்காரன்னு நினைச்சுக்கிட்டு, சேனல் வரலைன்னு திட்டுறாங்க." விட்டத்தைப் பார்த்தபடியே சொன்னான். "நானும் தினம் மொட்டைமாடி ஏறிப் பார்த்துட்டு, சரியாயிடுச்சும்மான்னு சொல்லிடுறேன்."



டாக்டர் திரும்பி வந்தார். குழாய்களை மேசையில் வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, முகக்கவசத்தைக் கழற்றினார்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.