ஒரு விள்ளல் பன்

தன் தட்டிலிருந்த பன்னில் ஒரு விள்ளல் பிய்த்து, "இதைச் சாப்பிடுங்க" என்று அப்பாவிடம் நீட்டினார் டாக்டர்.

அப்பா என்னைப் பார்த்தார். குத்தாலத்துக்குக் குளிக்கப் போவோம் என்று சொல்லித்தான் அவரைக் கூட்டி வந்திருந்தேன். இலஞ்சி தாண்டும்போது, சாரல் விழுகிறது, தண்ணீர் நன்றாக வரும் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தார். மடியில் இன்னும் துண்டும் எண்ணெய்ப் புட்டியும் இருந்தன.

சீசனுக்கு வந்து தங்கியிருந்த மதுரை டாக்டர் அவர். உணவுக்குழாய் ஆபரேஷனில் பேர் வாங்கியவர். தென்காசியில் லேப் வைத்திருக்கும் என் சிநேகிதி அலிமா யார் யாரிடமோ பேசி, அவர் குளித்துவிட்டு வந்து காலைச் சாப்பாட்டை முடிக்கிற நேரத்தை எனக்கு வாங்கித் தந்திருந்தாள். வாசலில் அவர் மனைவி காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். ஊருக்குக் கிளம்புகிறார்கள். இவரையும் விட்டால் எனக்கு வேறு ஆள் தெரியாது.

திருநெல்வேலி, நாகர்கோவில் என்று ஏற்கெனவே சர்ஜன்களைத் தேடிப் பிடித்திருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே கதைதான். நெஞ்சுக்குள் சாப்பாடு நிற்கிறது, படுத்தால் சாப்பிட்டது வாய்வழியே திரும்பித் தலையணை நனைகிறது, ஆள் பாதியாகிவிட்டார் என்று நான் மூச்சு விடாமல் சொல்வேன். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் இல்ல, வெறும் வாயுதான்" என்பார். வந்தவரே வேண்டாம் என்கிறபோது எந்த டாக்டர் கத்தியை எடுப்பார்?

இவரிடமும் அப்பா சிரித்துக்கொண்டே அதையேதான் சொன்னார். இரும்புக்கடை வைத்து ஊரையே பேசிச் சமாளித்த மனுஷன். எனக்குக் கத்தலாம் போலிருந்தது.

டாக்டர் வாதாடவில்லை. நான் கொண்டுபோயிருந்த எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை தூக்கிப் பார்த்தார். அப்புறம்தான் பன்னைப் பிய்த்தார்.

அப்பா வாங்கி வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

விழுங்கினார்.

கழுத்து நரம்பு புடைத்தது. கண் கலங்கியது. சிரிப்பை மட்டும் விடவில்லை.

மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார். துண்டும் புட்டியும் கீழே விழ, எழுந்து நின்றார். நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார்.

நான் பழக்கத்தில் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

"எவ்வளவு காலமா இப்படிக் கையைத் தூக்குறீங்க?" டாக்டரின் குரல் கேட்டது.

"அது ஜெபம் டாக்டர்" என்றேன், கண்ணைத் திறக்காமலே. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பின்னே? என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, கறிச்சாப்பாட்டுக்கு நடுவில் அப்பா முதன்முதலாக இப்படி எழுந்து நின்றார். மாப்பிள்ளை வீட்டார் கையில் சோற்றோடு கண்ணை மூடினார்கள். இவ்வளவு பக்தியான குடும்பமா என்று அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள். சாப்பிடும் முன்னால் எல்லோரும் ஜெபிப்போம், சாப்பிட்ட பிறகும் எழுந்து நன்றி சொல்கிறவர் எபனேசர்தான் என்று போதகர் பிரசங்கத்திலேயே சொல்லியிருக்கிறார். அப்பா கையை இறக்கி உட்காரும்வரை எங்கள் வீட்டில் யாரும் கண்ணைத் திறக்க மாட்டோம். என் பிள்ளைகளையும் அப்படியே பழக்கியிருக்கிறேன்.

"கண்ணைத் திறந்து பாருங்கம்மா" என்றார் டாக்டர். கண்ணைத் திறந்தேன்.

அவர் அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். உணவுக்குழாயின் அடி திறக்காத இந்த நோய்க்காரர்கள் யாரும் சொல்லித் தராமலே கண்டுபிடித்துக்கொள்ளும் வழி இது என்றார். நெஞ்சை நிமிர்த்திக் கையைத் தூக்கினால், தண்ணீரின் கனத்தில் சில சமயம் சாப்பாடு உள்ளே போகும்.

கைகளை உயர்த்தி நிற்கும் அப்பாவின் முகத்தை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து நீர் வழிய, பயந்துபோய் நின்றார். நன்றி சொல்கிற முகம் இல்லை அது.

"அப்பா, அப்ப அது ஜெபம் இல்லியா?"

"அன்னைக்கு எல்லாரும் கண்ண மூடிட்டாவ. ஒன் கல்யாணமும் முடிவாயிட்டு. பெறவு எப்படிட்டி சொல்ல?" என்றார். கையை இறக்காமலே, "எறங்கணும்னு கேக்கதும் ஜெபந்தான கிருபா" என்றார்.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. டாக்டர் எழுந்திருக்கவில்லை. ஆபரேஷன் செய்துவிடலாமா என்று என்னிடம் கேட்காமல் அப்பாவிடம் கேட்டார்.

அப்பா வாயு என்று சொல்லவில்லை. சரியென்று தலையை மட்டும் ஆட்டினார்.

"சரி, கையைக் கீழ போட்டுட்டு உக்காருங்க."

"இன்னும் எறங்கல டாக்டர்."

நானும் எழுந்து, அவர் பக்கத்தில் நின்று, கைகளை உயர்த்தினேன்.

கண்ணை மூடவில்லை.