நிறம் மாறாத சீரம்

முகத்துக்கு ஒரு வைட்டமின் சி சீரம் வாங்குவதற்குள் வேதியியல் டீச்சர் கணவனைப் பாடாய்ப் படுத்திவிட்டாள். வெளிச்சம் பட்டால் பழுப்பேறிக் கெட்டுவிடுமாம். கடைசியில் வாங்கிய குப்பியை அலுமினியத் தாளால் முழுக்கச் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

"ஒரு மாசமாச்சு, இன்னும் தண்ணி மாதிரி தெளிவா இருக்கு. அதுக்கெல்லாம் பார்த்து வாங்கத் தெரியணும்," என்று ஆசிரியர் அறையில் அளந்துவிட்டாள். கேட்ட மூன்று பேர் அதையே வாங்கினார்கள்.

அன்று மாலை கணவனும் அவளும் நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள்.

"காதுப் புண் ஆறவே இல்லையே," என்றார் மருத்துவர். "ஆனா சுத்தித் தோல் மட்டும் பளபளன்னு இருக்கு. நான் குடுத்த சொட்டு மருந்தைத்தானே விடுறீங்க?"

கணவன் பையிலிருந்து குப்பியை எடுத்தான்.

"இதான் டாக்டர். வெளிச்சம் படக் கூடாதுன்னீங்க. இவளைப் பார்த்து நானும் தாளைச் சுத்தி ஃப்ரிட்ஜில வெச்சேன். அப்படியும் பழுப்பாயிடுச்சு."

மருத்துவர் தாளைப் பிரித்தார்.

"முகத்துக்கு மட்டும்னு போட்டிருக்கே. அப்போ என் மருந்து எங்க?"

டீச்சரின் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.

"அது நிறம் மாறாம நல்லாத்தான் இருக்கு டாக்டர்," என்றாள்.