ஆபீசர் வரும் பாதை

பைக்குக்கு ஸ்டாண்டு போடக்கூட ரிஃபாத்துக்குக் கை ஓடவில்லை.

கேட்டிலிருந்து நிலத்தின் நடு வரைக்கும், லாரி போகிற அகலத்துக்கு, தரை மொட்டையாகக் கிடந்தது.

மூன்று வருஷம். ஒரு ஆட்டை உள்ளே விடாமல், ஒரு கன்றுகூட நடாமல், பழைய வேரிலிருந்து தானாகத் துளிர்க்கட்டும் என்று அவன் காவல் காத்த வெள்வேல மரங்களும் உசிலை மரங்களும் இப்போது ஓரமாகக் கட்டுக் கட்டாக அடுக்கிக் கிடந்தன.

அடுக்குக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்தார் ஆதம், அவனுடைய வாப்பா. கையில் அரிவாள். உடம்பில் பெருநாளைக்கு எடுத்த வெள்ளைச் சட்டை.

"ஆபீசர் வாராருன்னு சொன்னியேல. முள்ளும் புதருமா கெடந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு? ரெண்டு ஆள வச்சு விடியமுன்னயே சுத்தம் பண்ணிட்டேன்."

அளக்க வேண்டிய இடங்களைச் சுற்றி அவன் கட்டியிருந்த மஞ்சள் நாடாவைக்கூட விடவில்லை. அழகாகச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

நான்கு இடங்கள். இரண்டு போய்விட்டன.

அந்த ஆபீசர், கிங்ஸ்லி சார், தென்காசியைத் தாண்டிவிட்டதாக மெசேஜ் வந்திருந்தது. அவர் ஒவ்வொரு தண்டாக அளந்துதான், இந்தப் பன்னிரண்டு ஏக்கர் மேய்ச்சல் தரிசு காற்றிலிருந்து எவ்வளவு கார்பனை இழுத்து வைத்திருக்கிறது என்று எழுதுவார். அவர் எழுதினால்தான் அந்தக் கார்பனுக்குக் காசு வரும், காடு நிற்கும். இல்லையென்றால் நிலம் பிளாட்டுக்கு. அது வாப்பா வைத்த கெடு. மூன்று வருஷம், இன்றோடு முடிகிறது.

மகன் முகத்தைப் பார்த்ததும் ஆதமுக்கு ஏதோ உறைத்தது. குரல் இறங்கியது.

"வெட்டுனதத் திரும்ப ஊணி வச்சிருவமால? ஒரு நாள்ல வாடாது."

ரிஃபாத்துக்குச் சிரிப்பு வந்தது. அதில் இன்னும் கோபம் ஏறியது.

"வேண்டாம் வாப்பா. வெட்டியாச்சுன்னே எழுதட்டும். வேரு கெடக்குல்லா?"

குத்தவைத்து ஒரு அடிக்கட்டையை நகத்தால் சுரண்டினான். உள்ளே பச்சை. வாப்பாவின் பையிலிருந்து நாடாவை உருவி, ஒரு துண்டைக் கிழித்து அந்தக் கட்டையில் கட்டினான். அடுத்த கட்டை. அதற்கடுத்தது. மழை விழட்டும், ஒன்று இருந்த இடத்தில் நாலு வெடிக்கும். ஒன்றையும் விடக்கூடாது.

"ரெண்டு வருஷம் பின்னால போயிட்டோம்," என்றான் திரும்பாமலே.

தலையைத் தூக்கினான். வெட்டிய பாதையின் கடைசிக்கு நடந்து போயிருந்தார் ஆதம். அங்கே, இருப்பதிலேயே உயரமான வெள்வேலை மட்டும் தொடவில்லை. அதனடியில் ஆபீசருக்காக வீட்டு நீல பிளாஸ்டிக் சேர். அதன் மேல் ஒரு இளநீர்.

ஒரு காலத்தில் அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆடு மேய்த்த பொட்டல். இப்போது அங்கே சரியாக ஒரு சேர் அளவுக்கு நிழல் விழுந்தது.

நிழல் நகர்ந்திருந்தது. ஆதம் சேரையும் அரை அடி நகர்த்திப் போட்டார்.

"ரெண்டு வருஷமா?" மரத்தை அண்ணாந்து பார்த்தார். "சரி, வளரட்டும். அப்பம் நமக்கும் சேர் போடலாம்லா."