உள்ளேயா, வெளியேயா?

“ஏங்க, சீட்லதானே இருக்கீங்க? உங்க ஆபீஸ் வெப்சைட்டைத் திறந்து, என்ன வருதுன்னு சொல்லுங்க,” என்றாள் போனில்.

கணவனின் அலுவலக இணைய முகவரியைச் சரியான பக்கத்துக்குத் திருப்பிவிடும் டி.என்.எஸ். வேலை இன்றுதான் அவள் கைக்கு வந்திருந்தது. முகவரி ஒன்றுதான். அலுவலகத்துக்குள்ளிருந்து திறந்தால் ஊழியர் பக்கம் வர வேண்டும். வெளியிலிருந்து திறந்தால் வாடிக்கையாளர் பக்கம். வீட்டிலிருந்தபடியே இரண்டையும் அமைத்து முடித்திருந்தாள்.

“‘வாடிக்கையாளர்களே, வருக’ன்னு வருது.”

“வரக்கூடாதே. மொபைல் நெட்ல பாக்கறீங்களா?”

“இல்லம்மா, கம்ப்யூட்டர்லதான்.”

அவள் அமைத்ததையெல்லாம் வரி வரியாகப் பார்த்தாள். தப்பே இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னாள். மறுபடியும் ‘வாடிக்கையாளர்களே, வருக’தான். இன்னொரு போனில் அவன் அலுவலக வரவேற்பாளரைக் கேட்டாள். அங்கே ஊழியர் பக்கம் ஜோராக வந்தது.

“மண்டை காயுதுங்க. அங்க எல்லாருக்கும் சரியா வருது, உங்க ஒருத்தருக்கு மட்டும் ஏன் இப்படி?”

அவன் வாய் திறப்பதற்குள் போனில் அவன் பக்கத்திலிருந்து வேறொரு குரல் கேட்டது. “சார், உங்க ஒரு மணி நேரம் முடிஞ்சுது. லைப்ரரி கம்ப்யூட்டருக்கு இன்னும் நாலு பேர் காத்திருக்காங்க.”

கீபோர்டில் அவள் விரல்கள் அப்படியே நின்றன.

“எத்தனை நாளா வெளிய இருக்கீங்க?”

“வேலை போயி நாப்பது நாளாச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“காலையில கட்டிக் குடுத்த சாப்பாட்டை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க,” என்றாள். “உள்ள உக்காந்து பேசிக்கலாம்.”